வாசகர் கேள்வி–பதில்: வாடகை உதவி பெறுவோருக்கு வீடு கொடுப்பது

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியவையாக இருந்தன. சேமித்த பணத்தையும் மோர்ட்கேஜையும் சேர்த்து இரண்டாவது வீடொன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் வாசகர்கள், அரசின் வாடகை உதவியில் வாழும் குடும்பங்களுக்கு அதைக் கொடுப்பது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கவுன்சில் ஒன்றின் வாடகை உதவிப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை செய்தவன், ஓய்வுக்குப் பின் சிறிய ஃபிளாட் ஒன்றை நானே வாடகைக்கு விட்டவன் என்ற முறையில், மேசையின் இரு பக்கங்களையும் ஓரளவு அறிவேன். கீழே சொல்லப்படும் குடியிருப்புச் சட்டங்கள் இங்கிலாந்துக்குரியவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அவை வேறு.

கேள்வி: ஈஸ்ட்ஹாமில் எனக்கு இரண்டு படுக்கையறை வீடொன்று இருக்கிறது. "டிஎஸ்எஸ் ஆட்களுக்குக் கொடுத்தால் தலையிடிதான்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். பெனிபிட் எடுப்பவர்கள் வேண்டாம் என்று விளம்பரத்திலேயே போட்டுவிடலாமா?
— வாசகர், ஈஸ்ட்ஹாம்

பதில்: போடக் கூடாது. டிஎஸ்எஸ் என்ற சமூகப் பாதுகாப்புத் திணைக்களமே 2001இல் இல்லாமற் போய், அதன் இடத்தில் வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களம் வந்துவிட்டது. பெயர் மட்டும் வீட்டு விளம்பரங்களில் ஆவியாக நெடுங்காலம் உலவிக்கொண்டிருந்தது. 2020 ஜூலையில் யோர்க் கவுண்டி நீதிமன்றம் அந்த ஆவியை விரட்டத் தொடங்கியது. வாடகை உதவி பெறுவோரில் பெண்களும் உடல் இயலாமை உள்ளவர்களும் கூடுதலான விகிதத்தில் இருப்பதால், அவர்கள் எல்லோரையும் ஒட்டுமொத்தமாக விலக்குவது 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று அது தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பர்மிங்ஹாம் நீதிமன்றமும் அவ்வாறே சொன்னது. பின்னர் நிறைவேறிய 2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல், பெனிபிட் பெறுவோரையும் குழந்தைகள் உள்ளவர்களையும் அந்தக் காரணத்துக்காகவே ஒதுக்குவதை நேரடியாகத் தடை செய்கிறது. மீறினால் கவுன்சில் 7,000 பவுண் வரை தண்டம் விதிக்கலாம். உங்களுடைய மோர்ட்கேஜ் ஆவணத்தில் பெனிபிட் குடும்பங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்ற பழைய நிபந்தனை இருந்தாலும், இப்போது அது செல்லாது.

இதற்காக, முதலில் வந்து கதவைத் தட்டுபவருக்கே சாவியைக் கொடுக்க வேண்டும் என்பதில்லை. அவரால் வாடகையைக் கட்ட முடியுமா என்று பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் சம்பளத்தை மட்டும் எண்ணாமல், உதவித்தொகையையும் வருமானமாகச் சேர்த்தே கணக்கிட வேண்டும். முந்தைய வீட்டுக்காரரின் கடிதத்தையோ, பிணை நிற்பவர் ஒருவரையோ கேட்கலாம். ஆறு மாத வாடகையை ஒரேயடியாக முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் பழைய வழி மட்டும் அடைபட்டுவிட்டது: புதிய ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணமாகக் கேட்க முடியாது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் தலையிடி கற்பனை அல்ல. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் தவறாகப் பிடித்திருக்கிறார்கள். என் மேசைக்கு வந்த நிலுவைக் கோப்புகளில், கொடுக்க மனமில்லாதவர்களைவிட, அரசு தரும் தொகையும் வீட்டின் வாடகையும், அல்லது அரசு தரும் தேதியும் வீட்டுக்காரர் கேட்கும் தேதியும் பொருந்தாமல் சிக்கிக்கொண்டவர்களே அதிகம். அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றியவைதான்.

கேள்வி: என் வீட்டு வாடகை மாதம் 1,900 பவுண். வரவிருக்கும் குடும்பம் தங்களுக்கு 1,500 பவுண்தான் கிடைக்கும் என்கிறது. மூன்று அறை வீட்டுக்கு மூன்று அறைக்குரிய பணம் வர வேண்டாமா?
— வாசகி, இல்ஃபோர்ட்

பதில்: வீட்டில் எத்தனை அறைகள் என்று அரசு பார்ப்பதில்லை, அந்தக் குடும்பத்துக்கு எத்தனை அறைகள் தேவை என்றே பார்க்கிறது. தனியார் வீடுகளுக்கான உச்சத் தொகை, 2008 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த உள்ளூர் வீட்டுவாடகை உதவி என்ற முறையால் தீர்மானிக்கப்படுகிறது. எல்எச்ஏ என்று நம்மவர்கள் சொல்வது இதைத்தான். நாட்டைச் சந்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் அறை எண்ணிக்கைப்படி வாடகைகளைத் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்ததுவரை வரிசைப்படுத்துகிறார்கள். தொடக்கத்தில் அந்த வரிசையின் நடுப்புள்ளியே உச்சமாக இருந்தது; 2011இல் அதை நூற்றுக்கு முப்பதாவது இடத்துக்கு இறக்கினார்கள். அதாவது, ஒரு பகுதியில் உள்ள நூறு வீடுகளில் மலிவான முப்பதுக்குத்தான் அந்தத் தொகை எட்டும். அதோடு நிற்கவில்லை. 2016இலிருந்து நான்கு ஆண்டுகள் தொகையை உறைய வைத்தார்கள். 2020இல் அன்றைய சந்தையின் முப்பதாவது இடத்துக்கு உயர்த்தி மீண்டும் உறைய வைத்தார்கள். 2024 ஏப்ரலில் இன்னொரு முறை உயர்த்திவிட்டு, 2025இல் திரும்பவும் அப்படியே நிறுத்திவிட்டார்கள். வாடகை ஆண்டுதோறும் ஏற, உதவி நின்ற இடத்திலேயே நிற்க, இடையில் விழும் பள்ளத்தைத்தான் உங்கள் 400 பவுணில் பார்க்கிறீர்கள்.

அறைக் கணக்கு இப்படிப் போகும். கணவன் மனைவிக்கு ஓர் அறை. பதினாறு வயது நிரம்பிய மற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. பதினாறுக்குக் கீழ்ப்பட்ட ஒரே பாலினப் பிள்ளைகள் இருவருக்கு ஓர் அறை. பத்து வயதுக்குக் கீழ் என்றால் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இருவருக்கு ஓர் அறைதான். ஆகவே பன்னிரண்டு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பையன்கள் உள்ள குடும்பத்துக்கு இரண்டு அறைக்குரிய தொகையே கிடைக்கும். அதே வயதில் அண்ணனும் தங்கையும் என்றால் மூன்று அறை. ஒன்பது வயது அண்ணனுக்குப் பத்தாவது பிறந்தநாள் வந்தால் கேக்கோடு கூடுதல் அறையும் வருகிறது! அம்மம்மா நிரந்தரமாகக் கூட இருந்தால் அவருக்கும் ஓர் அறை. நான்கு அறைக்கு மேல் எவ்வளவு பெரிய குடும்பத்துக்கும் இல்லை. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்ட தனி ஆளுக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்குரிய தொகைதான்.

இத்தனைக்கும் மேலே பெனிபிட் உச்சவரம்பு என்ற கூரை ஒன்று இருக்கிறது. லண்டனில் தம்பதிக்கோ பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கோ எல்லா உதவிகளும் சேர்ந்து ஆண்டுக்கு 25,323 பவுணைத் தாண்டக் கூடாது. லண்டனுக்கு வெளியே அது 22,020. குறிப்பிட்ட அளவுக்கு மேல் உழைத்துச் சம்பாதிப்போருக்கும், இயலாமைக்கான சில உதவிகள் பெறுவோருக்கும் இந்தக் கூரை இல்லை. எனவே எல்எச்ஏ தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் தபால் குறியீட்டைக் கொடுத்தால் அரசின் இணையத்தளம் உச்சத் தொகையைக் காட்டும். அந்தக் குடும்பத்துக்கு உச்சவரம்பு பொருந்துமா என்பதையும், மீதி 400 பவுண் எங்கிருந்து வரும் என்பதையும் அவர்களோடு மேசையில் அமர்ந்து கூட்டிப் பாருங்கள். வேலைச் சம்பளத்திலிருந்து வரும் என்றால் நல்லது. "எப்படியாவது கட்டுவோம்" என்பது மட்டுமே பதிலானால், பிள்ளைகளின் சாப்பாட்டிலிருந்துதான் அது வரும். சில மாதங்களில் அதுவும் வராது. வாடகையைக் கொஞ்சம் குறைத்து, நின்று நிலைக்கும் குடும்பத்தைப் பிடித்துக்கொள்வது மேல் என்பதே என் எண்ணம். ஆள் மாறும் ஒவ்வொரு முறையும் வீடு வெறுமையாகக் கிடக்கும் வாரங்களையும் ஏஜென்டுக்குக் கொடுக்கும் கூலியையும் நம்மவர்கள் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

கேள்வி: வீட்டில் இருப்பவர் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறார். வாடகைப் பணம் அவருடைய கணக்குக்கு வருகிறது. எனக்கு இரண்டு மாதமாக ஒரு சதமும் வரவில்லை. பணத்தை நேரே எனக்கு அனுப்பும்படி கேட்கலாமா? இல்லை, பூட்டை மாற்றிவிடட்டுமா?
— வாசகர், ஹரோ

பதில்: பூட்டைத் தொடாதீர்கள். நீதிமன்ற ஆணை இல்லாமல் ஒருவரை வெளியேற்றுவது 1977ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். நிலுவை எவ்வளவு என்பது அங்கே ஒரு பதிலே ஆகாது.

நேரே கேட்கலாம், நீங்கள் கேட்கும் நேரமும் சரியான நேரம்தான். பழைய ஹவுசிங் பெனிபிட்டில், பெரும்பாலும் ஓய்வூதிய வயதினருக்கு இன்றும் கவுன்சில் கொடுத்துவரும் உதவியில், எட்டு வார வாடகை நிலுவையானால் பொதுவாகக் கவுன்சில் வீட்டுக்காரருக்கே கொடுத்தாக வேண்டும். பல உதவிகளை ஒன்றாக்கி உழைக்கும் வயதினருக்கு 2013 முதல் படிப்படியாக வந்த யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கான பகுதி மற்றப் பணத்தோடு கலந்து, மாதம் ஒருமுறை, குடியிருப்பவரின் கணக்கில் விழுகிறது. சம்பளம் வாங்குபவரைப் போலவே தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கப் பழக வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்த எண்ணத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மின்கட்டணம் பிந்திய வீட்டில் கணக்கில் விழும் பணம் எந்தப் பெயரில் வந்தாலும் முதலில் மின்சாரத்துக்குத்தான் போகும் என்பதை அந்தத் திட்டத்தை வரைந்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

இரண்டு மாத வாடகை நிலுவையில் இருக்கும்போது, அல்லது நெடுநாளாகக் குறைத்துக் குறைத்துக் கட்டி நிலுவை ஒரு மாதத்தைத் தாண்டும்போது, வாடகைப் பகுதியை நேரே உங்களுக்கு அனுப்பும்படி வேலை மற்றும் ஓய்வூதியத் திணைக்களத்துக்கு இணையம் வழியாக விண்ணப்பிக்கலாம். பழைய நிலுவைக்காக அவருடைய உதவித்தொகையிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு பகுதியைப் பிடித்து அனுப்பும்படியும் அதே விண்ணப்பத்தில் கேட்கலாம். வேண்டியவை வாடகை ஒப்பந்தமும், எந்தத் தேதியில் எவ்வளவு வர வேண்டியிருந்தது, எவ்வளவு வந்தது என்று வரிவரியாகக் காட்டும் கணக்கும். அந்தக் கணக்கு இல்லாமல் "இரண்டு மாதம் தரவில்லை" என்று மட்டும் எழுதினால் விண்ணப்பம் இழுபடும். கடன் தொல்லை, போதைப் பழக்கம், முன்பு வீடிழந்த அனுபவம் போன்றவை உள்ளவருக்கு, நிலுவை சேரும்வரை காத்திராமல் ஆரம்பத்திலேயே இந்த ஏற்பாட்டைச் செய்யவும் இடமுண்டு. அதை அவரே தம் இணையக் கணக்கில் கேட்பது எளிது. அவர் சம்மதிக்காமல் அவருடைய கோரிக்கை பற்றித் திணைக்களம் உங்களிடம் எதுவும் பேசாது. தொலைபேசியில் இருக்கும் ஊழியரைத் திட்டிப் பயனில்லை. அவர் வாயைத் திறந்தால் அவருக்குத்தான் வேலை போகும்.

ஆனால் விண்ணப்பத்துக்கு முன் ஒருமுறை அவரோடு பேசிப் பாருங்கள். முதல் முறையாக யூனிவர்சல் கிரெடிட் கேட்டவர் என்றால் முதல் பணம் வர ஐந்து வாரம் ஆகும். அந்த ஐந்து வாரமே உங்கள் முதல் மாத நிலுவையாக இருக்கலாம். அவருக்குப் பணம் 20ஆம் தேதி வரும்போது ஒப்பந்தம் 1ஆம் தேதி வாடகை கேட்டால், அந்தப் பத்து நாளில் பணம் கரைந்துவிடும். வாடகைத் தேதியை இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு 21க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சதமும் செலவில்லாத மருந்து இது. வார வாடகையாக எழுதியிருந்தால் அதையும் மாத வாடகையாக மாற்றுங்கள். திணைக்களம் வார வாடகையை 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் வகுக்கிறது. வாரம் 400 பவுண் என்றால் ஆண்டுக்கு 20,800. திங்கட்கிழமை வாடகை வாங்கும் நீங்கள், 53 திங்கட்கிழமைகள் வரும் ஆண்டில் 21,200 எதிர்பார்ப்பீர்கள். யாரும் தப்புச் செய்யாமலே 400 பவுண் நிலுவை பிறந்துவிடும்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம்தான். காரணம் சொல்லாமல் வெளியேற்றும் 21ஆம் பிரிவு 2026 மே 1உடன் போய்விட்டது. கடும் நிலுவை ஒரு கட்டாயக் காரணம், அதாவது நிரூபித்தால் நீதிபதி வீட்டை உங்களுக்குத் தந்தே ஆக வேண்டிய காரணம்; அதற்கு முன்பெல்லாம் இரண்டு மாத நிலுவை போதும், இரண்டு வார அறிவித்தல் போதும். இப்போது மூன்று மாத நிலுவையும் நான்கு வார அறிவித்தலும் வேண்டும். யூனிவர்சல் கிரெடிட்டின் வாடகைப் பகுதி இன்னும் வந்து சேராததால் உண்டான நிலுவையை அந்தக் கணக்கில் சேர்க்கவும் முடியாது.

கேள்வி: ஓய்வூதிய வயதுப் பெரியவர் ஒருவர் என் வீட்டில் இருந்தார். கவுன்சில் வாடகையை நேரே எனக்கு அனுப்பியது. அவர் மகளோடு போய்விட்டார். இப்போது, அவர் போன பிறகு வந்த ஏழு வாரப் பணத்தைத் திருப்பித் தரும்படி கவுன்சில் எனக்கு எழுதுகிறது. தப்புச் செய்தவர் அவரா, நானா?
— வாசகர், டூட்டிங்

பதில்: தப்பு யாருடையது என்பதல்ல, பணம் யாருடைய கையில் விழுந்தது என்பதே இங்கே கேள்வி. நேரே வாங்கும் பணத்துக்கு ஒரு விலை உண்டு: கூடுதலாக வந்துவிட்டால் கவுன்சில் அதை உங்களிடமே மீட்கலாம். குடியிருப்பவர் வெளியேறிவிட்டார் என்பது தெரிந்த அன்றே கவுன்சிலுக்கு எழுத வேண்டியது உங்கள் கடமை. ஏழு வாரம் வங்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால், வாதாட அதிகம் மிஞ்சாது. நான் வேலை செய்த இடத்தில், "ஆள் போய்விட்டாராம், பணம் இன்னும் வருகிறதே, பார்க்கலாம்" என்று பொறுத்திருந்து கையைச் சுட்டுக்கொண்ட வீட்டுக்காரர்களை மாதந்தோறும் கண்டேன்.

எனினும் கடிதத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். அவர் வெளியேறிய தேதியைக் கவுன்சில் சரியாகப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கவுன்சிலின் சொந்தத் தவறால் கூடுதலாக வந்து, அது கூடுதல் என்று உங்களுக்குத் தெரிய நியாயமே இல்லாதிருந்தால், மீட்க முடியாது. முடிவை மறுத்து மேல்முறையீடு செய்ய, அறிவித்தல் தேதியிலிருந்து ஒரு மாதம் இருக்கிறது. அந்தக் கடிதம் மேசை இழுப்பறைக்குள் போனால் அந்த மாதமும் கூடவே போய்விடும். உங்களுக்கு வேறு வீடும், அதில் உதவி பெறும் வேறு குடும்பமும் இருந்தால், அவர்களுக்காக வரும் பணத்தில் கவுன்சில் இந்தக் கடனைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால், அந்தக் குடும்பம் முழு வாடகையும் கட்டியதாகவே சட்டம் கொள்ளும். அவர்களிடம் போய்க் குறைந்ததைக் கேட்காதீர்கள்.

கேள்வி: என் பெற்றோர் ஓய்வூதிய வயதினர். எனக்குச் சொந்தமான இன்னொரு வீட்டில் அவர்களைக் குடிவைத்து, கவுன்சிலிடம் ஹவுசிங் பெனிபிட் கேட்கலாம் என்கிறார்கள். உறவினருக்குக் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். எது உண்மை?
— வாசகி, வெம்பிளி

பதில்: இரண்டும் பாதி உண்மை. வீட்டுக்காரர் நெருங்கிய உறவினராக இருந்து, அதே வீட்டில் கூடவே வாழ்ந்தால் வாடகை உதவி இல்லை. தனி வீடானால் உறவு ஒரு தடையல்ல. ஆனால் அந்த ஏற்பாடு உண்மையான வாடகை ஏற்பாடாக இருக்க வேண்டும். உதவிப் பணத்தைப் பெறுவதற்காகவே உருவாக்கிய ஒப்பந்தம் என்று கவுன்சில் கருதினால் மறுத்துவிடும். எழுதிய ஒப்பந்தம் இருக்கிறதா, பெற்றோர் உண்மையில் பணம் கட்டுகிறார்களா, அந்த வீட்டில் முன்பு வாடகையில்லாமல் இருந்தார்களா, கட்டாவிட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்குத் தமிழ்ப் பிள்ளைகள் தரும் பதில் எனக்குத் தெரியும்: "அம்மா அப்பாவை எப்படி வெளியே போடுவது?" மனிதர் என்ற முறையில் அது நல்ல பதில், வீட்டுக்காரர் என்ற முறையில் அந்தப் பதிலோடு உங்கள் விண்ணப்பம் அநேகமாக முடிந்துவிடும். பெற்றோரை நீங்கள் பொறுப்பேற்று இந்நாட்டுக்கு அழைத்திருந்தால், பொதுவாக முதல் ஐந்து ஆண்டுகளுக்கு இந்தக் கேள்வியே எழாது.

நெருங்கிய உறவினர் என்று விதி எண்ணுவது பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், மாமனார் மாமியார், மருமக்கள், மாற்றுப் பெற்றோர், மாற்றுப் பிள்ளைகள், இவர்களின் துணைவர்கள் ஆகியோரை. எனவே அக்காவின் கணவரும் பட்டியலில் உண்டு. பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றே அழைப்போம். விண்ணப்பப் படிவத்தில் அப்படியே எழுதிவிட்டு, பட்டியலில் இல்லாத உறவுக்காக உதவியை இழக்கவிருந்த குடும்பமொன்றை நான் பார்த்திருக்கிறேன். படிவத்தில் அவர் ஒன்றுவிட்ட சகோதரர்; அதை விளக்கமாக எழுதுங்கள்.

கேள்வி: நியூஹாமில் வீடு விடுவதற்கு உரிமம் வேண்டுமா? டிபாசிட் எவ்வளவு வாங்கலாம்?
— வாசகர், மனர்பார்க்

பதில்: தனியார் வாடகை வீடுகளுக்கு ஏறக்குறைய எல்லைமுழுதும் உரிமம் கேட்கத் தொடங்கிய முதல் கவுன்சில் நியூஹாம்தான், 2013 ஜனவரியில். உங்கள் வீதிக்கும் உங்கள் வகை வீட்டுக்கும் இன்று எது பொருந்தும் என்பதைக் கவுன்சில் தளத்தில் பாருங்கள். உரிமமில்லாமல் விட்டால் தண்டத்தோடு, வாங்கிய வாடகையையும் திருப்பிக் கொடுக்க நேரும். முன்பு 12 மாத வாடகை வரை இருந்த அந்த எல்லை புதிய சட்டத்தில் 24 மாதமாகியிருக்கிறது. வாடகை உதவியாக வந்த பணத்தைக் கவுன்சிலே திருப்பிக் கேட்கவும் முடியும்.

டிபாசிட், ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் கீழ் என்றால், ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் சேர்த்துவிட வேண்டும். பணத்துக்குப் பதிலாகக் கவுன்சிலின் உத்தரவாதக் கடிதத்தோடு வரும் குடும்பங்களும் உண்டு. அந்தக் கடிதத்தில் எத்தனை மாதம், எந்தெந்தச் சேதத்துக்கு, எவ்வளவு தொகை வரை என்பதை வாசித்துப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.